இதர மருத்துவப் பொருட்கள்

அக்டோபரில் ஒசியெக் நகரத்து டிராம்கள் வழுக்கும்.
லிண்டன் இலைகள் தண்டவாளத்தில் நசுங்கிக்
கூழாகும், பிறகு சோப்பாகும்.
பிரேக் பிடிக்கும், வண்டி பிடிபடாது.
அதற்காகத்தான் ஒவ்வொரு டிராமின் வயிற்றிலும்
ஒரு பெட்டி மணல்.
ஓட்டுநர் மிதியை அழுத்தினால்
சக்கரத்தின் முன்னால் ஒரு பிடி விழ வேண்டும்.

விழாது.

திராவா ஆற்றிலிருந்து ஏறிவரும் மூடுபனி
முற்றத்து மணல்மேட்டில் இரவெல்லாம் படுத்துக்கிடக்கும்.
காலையில் அள்ளினால் கட்டி கட்டியாய் வரும்.
குழாய் அடைத்துக்கொள்ளும்.

நான் அந்தப் பணிமனையின் கணக்கன்.
மணலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
டன் என்ன விலை என்பது.

அந்த ஆண்டு எங்களுக்குப் புத்தாக்க அறை வந்தது.
உதிரிபாகக் கிடங்கைக் காலிசெய்து
ஆரஞ்சு நிறத்தில் ஒன்பது மெத்தைகள்,
நான்கு சுவரிலும் எழுதி அழிக்கும் பலகை
(அழிப்பான் தனி பில்).
வியாழக்கிழமை மூன்று மணிக்குப்
புதிதாக யோசிக்கத் தொடங்க வேண்டும்.
நான்கு மணிக்கு நிறுத்திவிட வேண்டும்,
அறை வேறு பிரிவுக்குப் பதிவாகியிருக்கும்.

யசென்காவை யாரும் அழைக்கவில்லை.
இரவில் மணல் நிரப்புகிறவள் அவள்.

பழுதுப் பதிவேட்டில்
இரண்டாம் தட டிராம்களுக்கு நேரே
பதினோரு நாளாக வெறும் கட்டங்கள்.
வெற்றுக் கட்டம் கணக்கனின் கண்ணில் தூசி.
கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனேன்.

கம்ப்ரஸரின் சூடான பக்கத்தில்
வரிசையாக வாளிகள் காய்ந்துகொண்டிருந்தன.
புனலின் வாயில், தோல் நிறத்தில்,
இழுத்துக் கட்டிய ஒரு நைலான் காலுறை.
"கட்டி மேலே தங்கும்" என்றாள்,
"மாவு சலிக்கிற மாதிரி."

கம்பி வலை கேட்டிருக்கலாமே?

கேட்டிருந்தாள்.
கோரிக்கை எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
மூன்று வருடத்துக்கு முந்தையது.
"காரணம் போதாது" என்று மூலையில் ஒரு வரி,
கீழே என் கையெழுத்து,
அந்தக் காலத்தில் நான் போடும் நீண்ட வாலோடு.

"இதுவரை ஏழு கிழிந்துவிட்டது.
இனி என்னிடம் இல்லை.
குளிரும் வருகிறது."

டிராம் நிறுவனம் பெண்கள் காலுறை வாங்க
விதியில் இடமில்லை.
அன்றிரவு கணக்குத் தலைப்புகளை
முதலிலிருந்து கடைசிவரை படித்தேன்.
எண்ணெய். எழுதுபொருள். கொடிகள்.
இதர மருத்துவப் பொருட்கள்:
அமுக்கக் காலுறை, நரம்புச் சுருட்டலுக்கு.

நாற்பது ஜோடி.
இருபத்தாறு வருடத்தில் என் பேனா சொன்ன முதல் பொய்.
கணக்கு உதைக்கவில்லை.

ஜனவரியில் தலைநகரிலிருந்து தணிக்கையாளர் வந்தார்,
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டார்:
"உங்கள் ஆட்களுக்கு நரம்புச் சுருட்டல் அதிகமோ?"
"நின்றுகொண்டே வேலை, ஐயா" என்றேன்.
அது பொய்யில்லை.

அடைப்பு எப்படி நின்றது என்று
இயக்குநர் ஸ்வொனிமிர் ஆரஞ்சு மெத்தையில் அமர்ந்து கேட்டபோது
பலகை வெள்ளையாகவே இருந்தது.
பிறகு யாரோ அம்புக்குறி போட்டார்கள்.
அம்புக்குறி இன்னோர் அம்புக்குறியைச் சுட்டியது.
இப்போது அதற்குப் பெயர் உண்டு:
வடிகட்டும் உறுப்பு, வகை பதினொன்று.
கிராஸ் நகரத்திலிருந்து பெட்டியில் வருகிறது.
ஒன்றின் விலைக்கு அறுபது காலுறை வாங்கலாம்.
அறிக்கையில், யோசனை தந்தவர் என்ற இடத்தில்:
குழு.

கோபமா என்று கேட்கத்தான் போனேன்.
யசென்கா தலையைச் சாய்த்து
ஒரு காலி டிராமின் நடுக்கதவை
மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.
"கேட்டதா?"
எனக்கு எதுவும் கேட்கவில்லை.
"மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால். மறுபடி கேளுங்கள்."
மூடினாள்.
"ரப்பர் கொஞ்சம் வேண்டியிருக்கும்" என்றாள்,
என்னிடமா கதவிடமா, தெரியவில்லை.

மேலே வந்து
தலைப்புகளின் பட்டியலைத் திறந்திருக்கிறேன்.
எண்ணெய். எழுதுபொருள். கொடிகள்.