புகையின் ஆயுள் இருபது வருடம்

முதல் பொய் டீசல்.
யூன் மாதம், கைதடிக் கோபுரத்தின் ஜெனரேற்றருக்கு
ஊற்றிய ஆயிரத்து நானூறு லீற்றர்.
எரிந்தது. புகைந்தது.
சோளகம் அதை நீரேரிக்கு மேலால் கொண்டுபோனது.
பற்றுச்சீட்டு மட்டும் என் மேசைக்கு வந்தது.

கொழும்பிலிருந்து ஒரு வரி:
செலவில் போடவேண்டாம், சொத்தில் போடுங்கள்.

குகநேசன் சேர் கதிரைக்குப் பின்னால் நின்றார்.
“ஒரு காலாண்டுக்குத்தான் பிள்ளை.
பிறகு திருப்பிப் போடலாம்.”
போட்டேன்.
நிலையான சொத்து, இலக்கம் 4417.
ஆயுள் இருபது வருடம்,
தேய்மானம் ஆண்டுக்கு ஐந்து வீதம்.
என் மகள் அப்போது பாலர் வகுப்பு.
அவள் பட்டம் வாங்கும் நாளிலும்
தொலைவாணி நிறுவனத்திடம்
கொஞ்சம் புகை மிச்சமிருக்கும்.

அடுத்த காலாண்டு தன் பள்ளத்தோடு வந்தது.
பழையதை மூட மண் இல்லை.
புதிதாய் ஒன்றைத் தோண்டி எடுத்தோம்.
கேபிள் வாடகை, காவலாளி சம்பளம்,
அணில் கடித்த வயர்,
கோபுரத்தில் ஏறியவனுக்கு வாங்கிய சோடா
எல்லாம் சொத்து.

ஓடிற்றர்மார் மூன்று பேர் வந்தார்கள்,
நல்லூரடியில் ஐஸ்கிறீம் குடித்தார்கள்,
கோபுரங்களை எண்ணவில்லை, கூட்டலைப் பார்த்தார்கள்.
கூட்டல் சரி.
வேம்படியில் படித்த காலத்திலிருந்தே
என் கூட்டல் பிழைத்ததில்லை.

கழிவறைக்குப் பக்கத்து அறையில்
பெட்டி பெட்டியாய் சிம்.
மாதக் கடைசி இரவில் ஒரு கொம்பியூட்டர் அவற்றை எழுப்பும்.
ஒன்று மற்றதை அழைக்கும், ஒரு விநாடி.
ஹலோ இல்லை. மூச்சில்லை.
விடிந்தால் வடக்கில் எங்களுக்குப்
பதினோராயிரம் புதிய வாடிக்கையாளர்.
காணாமல்போனவர்களின் பட்டியல்
ஒருவர் கையிலும் முழுசாய் இல்லாத ஊரில்
பிறக்கவே பிறக்காதவர்களை
ஒன்றும் குறையாமல் எண்ணிக் கொடுத்தேன்.
இதை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன்.

பங்கு விலை ஏறியது.
ஓவசியர் வேலும்மயிலும்
அளவெட்டியில் நாலு பரப்பை விற்ற காசோடு வந்தார்.
“பிள்ளை, நீ உள்ளுக்கு இருக்கிறாய். வாங்கலாமோ?”
நான் ஓம் என்று சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.
தேத்தண்ணி குடியுங்கோ என்றேன்.
குடித்தார். சீனி காணாது என்றார்.

ஒரு செவ்வாய் பின்னேரம், நாலு பத்துக்கு,
பண்ணைப் பாலத்தில் போனவர்களின் கைகளில்
சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் அவிந்தன.
குருநகரில் மீன் விலை சொன்ன வாய்
அரைவாசியில் நின்றது.
சுன்னாகத்து யூட் அன்ரனின் போனில்
நாலு லட்சத்து ரீலோட் காசு
ஒரு எண்ணாய் நின்றது.
இன்னும் நிற்கிறதாம்.
அவன் அந்தப் போனை அணைப்பதேயில்லை.

குகநேசன் சேர் இப்போது
மருமகனின் பேக்கரியில் காசு வாங்குகிறார்.
மிச்சக்காசு பிசகாதாம்.
வேலும்மயிலும் ஓவசியரை
சந்தையில் கண்டால் நான் மரக்கறிப் பக்கம் திரும்புவேன்.
அவர் திரும்புவதில்லை, நின்று பார்ப்பார்.

ஆவணியில், சொத்துக் கணக்கெடுக்க
கொழும்பிலிருந்து ஒரு பொடியன் வந்தான்.
கையில் நீளப் பட்டியல், வாயில் கொஞ்சம் தமிழ்.
அடையாளம் காட்ட என்னைக் கூட்டிப்போனார்கள்.
கைதடிக் கோபுரத்தடியில் நின்று
ஒவ்வொன்றாய் அடையாளமிட்டான்.
முள்வேலி இருக்கு.
பற்றரி களவு.
ஜெனரேற்றர் இருக்கு, ஓடாது.
“4417 எங்கே?”

பின்பக்க மதில்
ஓராள் உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது.
காட்டினேன்.

மதிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
கிட்டப் போய்த் தடவி
தன் விரலைப் பார்த்தான்.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
இன்னும் ஆறு கோபுரம் கிடந்தது அவனுக்கு.
நிலை என்ற கட்டத்தில்
‘பாவித்தது’ என்று எழுதி
அடுத்த வரிக்குப் போனான்.