என் பெயரில் ஆடுகிறான்

லாத்வியாவில் இன்று பனி.
ஆரஞ்சு நிறப் பந்தை எடுத்திருக்கிறார்கள்.

நேரலை திக்கித் திக்கி வருகிறது.
துவாலாவில், பெசெங்கே முக்கில்
வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன்.
சவாரி கேட்ட பெண்ணிடம்
‘இரும்மா, ஆடிக்கொண்டிருக்கிறேன்’ என்றேன்.
ஒரு மாதிரி பார்த்துவிட்டு
அடுத்த வண்டியில் ஏறிப் போனாள்.

ஏழாம் எண் சட்டையின் முதுகில்
ஹியோல் பிளேஸ். நான்தான்.
சட்டைக்குள்ளே அண்ணன் அர்மெல்.

இருபத்திரண்டு கிழம்,
பதினெட்டென்றால் விற்கலாம் என்றார் ஏஜெண்ட்.
வீட்டில் பதினெட்டு ஒன்றுதான் இருந்தது.
எடுத்துக் கொடுத்தோம்.

பாஸ்போர்ட்டுக்கு ஒரு வயது
முழங்காலுக்கு இன்னொன்று.
‘இந்தச் சின்ன வயதிலா இவ்வளவு தேய்மானம்?’
ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக் கேட்டாராம் டாக்டர்.
பிறவிக் கோளாறு என்றானாம்.

இங்கே போலீஸ் அட்டை கேட்டால்
ஐநூறு பிராங்க் நீட்டுகிறேன்.
மாதம் பிறந்தால்
என் பெயரிலிருந்து அம்மாவுக்குப் பணம் வருகிறது.
அதில் எனக்கும் கொஞ்சம் தருகிறாள்.
போனில் அவனையும் வீட்டில் என்னையும்
மகனே என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.
எதற்கு வம்பு.

எண்பத்தோராம் நிமிடம்.
மூலையிலிருந்து பந்து, அவன் எம்புகிறான்,
படம் உறைந்துவிட்டது:
கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்
ஆரஞ்சாய் ஒரு புள்ளி.

குரல் மட்டும் முந்தி வந்தது.
அறியாத ஊரின் ஒலிபெருக்கி
என் பெயரைக் கடித்துக் குதறி
மூன்று முறை கூவியது.

யாரோ கூப்பிட்ட மாதிரி
‘என்ன?’ என்று
திரும்பிப் பார்த்துவிட்டேன்.