படத்தில் விழாதது

தாலின் துறைமுகத்தில், ஹெல்சின்கிக் கப்பலின் வாயருகே
லாரிகளின் வயிற்றைப் பார்ப்பது என் வேலை.
எட்டு மணி நேரம் சாம்பல் நிறத் திரை.
உருளைக்கிழங்கு மூட்டைக்குள் சிகரெட் கட்டு,
கதவின் இரட்டைத் தகட்டுக்கு நடுவே
ஒருமுறை, உயிரோடு நாற்பது ஆமைகள்.
எதை ஒளித்தாலும்
ஏதாவதொரு விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே என் மண்டையின் படம் அடங்கிய குறுந்தட்டை
பறிமுதல் செய்த பொருளை ஒப்படைப்பவள் போலத்தான்
மேசைமேல் வைத்தேன்.

டாக்டர் ஹில்யா அதைத் தொடவில்லை.
"ஏற்கெனவே பார்த்துவிட்டேன். ஒன்றுமில்லை."

ஒன்றுமில்லையா?
அப்படியானால் நேற்று கழிப்பறைத் தரையில்
குளிர்ந்த ஓட்டில் இடது பொட்டை அழுத்தியபடி
கிடந்தது யார்?

"வலி எவ்வளவு என்று கேட்கப் போவதில்லை" என்றார்.
"வலிக்கும்போது என்ன செய்வாய், அதைச் சொல்."

இதுவரை யாரும் கேட்டதில்லை.
திரைச்சீலைக்கு மேல் போர்வையை மாட்டுவேன்.
ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்குவேன், அந்த உறுமலுக்காக.
மாடிப்படியில் படிக்குப் படி ஓர் அடி விழும்,
அதனால் கீழேயே கிடப்பேன்.
தானெல் காலுறையோடு நடந்தாலும் எனக்குக் கேட்கும்.
வாந்தி எடுத்த பிறகு கொஞ்சம் தூக்கம்.

"அதற்கு முன்?"
முன் என்று ஒன்று உண்டா?
"முந்தின நாள்."
யோசித்தேன். கொட்டாவி. அடுக்கடுக்காகக் கொட்டாவி.
கழுத்து இறுகும். உப்பில் ஊறிய மீனைத் தேடும் நாக்கு.
பிறகு திரையின் ஓரத்தில்
ரம்பத்தின் பற்களைப் போல ஒளி வளைந்து மினுங்கும்.
இருபது நிமிடத்துக்கு லாரி எண்ணில் பாதி இருக்காது.
திரை பழுது என்று இருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
பழுது பார்க்க வந்தவனும் ஒன்றுமில்லை என்றுதான் போனான்.

அப்போதுதான் அவர் சிரித்தார்.
கண்ணுக்குள் விளக்கடித்தார்.
என் மூக்கையும் அவர் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னார்.
கயிற்றின்மேல் போவதுபோல் நடக்கவைத்தார்.
முழங்காலில் சின்னச் சுத்தியல்.
எல்லாம் சரியாக இருந்தது, எனக்கோ எரிச்சலாக இருந்தது.

"மீர்யே, நீ பிடிப்பவை ஓர் இடத்தில் ஒளிந்திருப்பவை.
இது நேரத்தில் ஒளிந்திருக்கிறது.
இதன் பெயர் ஒற்றைத் தலைவலி.
பெயரை நீதான் சொன்னாய், படமல்ல."

கட்டம் போட்ட தாளொன்றை நீட்டினார்.
வலித்த நாளுக்கு ஒரு கோடு.
மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி.

மார்ச் முடிந்ததும் கொண்டுபோனேன்.
கோடுகள் பதினெட்டு. புள்ளிகளை
பென்சில் முனையால் ஓசையின்றி எண்ணினார்,
சரக்குப் பட்டியலை நான் எண்ணுவதுபோலவே.
இருபத்திரண்டு.
வலிக்காத நாளிலும், வந்துவிடுமோ என்று, நான்கு.
"கடத்தல் இங்கேதான் நடக்கிறது" என்றார்.
வலிக்கென்று விழுங்கியதே
அடுத்த வலியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

நிறுத்தினேன். முதல் பத்து நாளைப் பற்றி எழுதமாட்டேன்.
இரவில் வாயை உலரவைக்கும் ஒரு சிறு மாத்திரை.
இடி தொடங்கியவுடன், பொறுத்துப் பார்க்காமல், வேறொன்று,
அதுவும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இல்லை.
போதவில்லை.
கோடையில் தொடையில் மாதம் ஓர் ஊசி,
பல்லைக் கடித்து நானே போட்டுக்கொள்வது.

"குணமாகிவிடுமா?"
"இல்லை. குறையும்."
பதினோரு வருடமாக எத்தனையோ பேர் சொன்ன ஆமாம்களைவிட
அந்த இல்லையை நம்பினேன்.

அக்டோபர் தாளில் ஐந்து கோடுகள்.

இன்று காலை பணியில் கொட்டாவி வந்தது.
மூன்றாவது கொட்டாவியில் எழுந்து
இருக்கையை ரைதோவிடம் கொடுத்தேன்.
பைக்குள் கைவிட்டு மாத்திரையைத் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் நேரமிருந்தது.
வெளியே லாத்வியாப் பலகை ஏற்றிய லாரியொன்று
கப்பலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.
அதன் படத்துக்குக் கீழே நான் கையெழுத்திட்டிருந்தேன்:
எதுவும் தென்படவில்லை.
முன்பெல்லாம் எழுதுவது:
ஒன்றுமில்லை.