யோனா

கடலுக்குப் போகிற வீட்டில் யாரும்
இந்தப் பேரை வைப்பதில்லை.
தங்கச்சிமடம் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில்
அந்திரேயா உண்டு, சந்தியாகு உண்டு,
இராயப்பன் பக்கத்துக்குப் பக்கம் உண்டு.
யோனா நான் ஒருத்தன்தான்.

'இராயப்பன்னு வையி, பாறையா நிப்பான்'
என்றாராம் அப்பா.
அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.
என்னைச் சுமந்த எட்டாம் மாதம்
எஞ்சின் நின்று நீவாடு இழுத்துப்போன வள்ளத்தில்
மூன்று ராத்திரி அவர் இல்லை.
மறுநாள் விடிய
குந்துகால் கரையில் கக்கிப் போட்டது கடல்,
உதடு வெடித்து, உப்புப் பூத்து, உயிரோடு.
'ஓடிப்போனவன் பேரு இல்லடா அது.
கடல் திருப்பிக் குடுத்தவன் பேரு.'

எபிரேயத்தில் அதற்குப் புறா என்றார் பங்குச் சாமியார்.
சிலுவைதாசனுக்கு அது போதும்.
டோக்கன் வரிசையில் கத்துவான்:
'புறா வந்துட்டான், இன்னைக்கு யாரைத் தூக்கிப் போடுறது?'
பேரை மாற்றிக்கொண்டு வா என்றார்கள்
இரண்டு முதலாளிகள்.
மூன்றாமவருக்கு ஆள் குறைந்திருந்தது.

எல்லையைத் தாண்டியது தெரியும்.
தெரியாது என்றோம்.
பேரெழுதிய சிப்பாய் நிமிர்ந்து, 'யோனகரா?' என்றான்.
இல்லை, புறா என்று
அவன் பாஷையில் எப்படிச் சொல்ல.

சிறைச் சுவரோரம் ஓர் ஆமணக்கு.
பத்து மணிவரை என் காலுக்கு நிழல் தரும்,
அப்புறம் தராது.
அதன் கீழே கிடந்து
அந்தக் கரை முழுவதையும் சபித்தேன்,
ஆடுமாடு உட்பட.

ஊர்காவற்றுறைக் கோர்ட் வாசலில்
உரச்சாக்கோடு வந்தார் ஒரு நெடுந்தீவுக்காரர்.
எங்கள் காலடியில் கொட்டினார்,
வலையாக இருந்ததை.
'கடனுக்கு வாங்கினது தம்பி.
உங்கட மடி ஒருக்கா இழுத்தது, அவ்வளவுதான்.'
திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.
'உம்மட பேர் என்ன?'

சொன்னேன்.
கழுத்துச் செபமாலையைத் தொட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் பார்த்தார்.
'அப்ப இதுதான் நினிவே' என்றார்.
சிரிக்கவில்லை.

வேதத்தில் அந்தப் புத்தகம்
கடவுள் கேட்கிற கேள்வியோடு நின்றுவிடுகிறது.
பரிதபிக்க வேண்டாமா என்கிறார்.
அவன் வாய் திறந்தானா,
ஒரு வரி இல்லை.

திரும்பி வந்து பதினாறு நாள்.
ஐஸ் உடைக்கிறார்கள்.
அணியத்தில் அதே இழுவைமடி,
பொத்தலை அடைத்து, புதுக் கயிறு போட்டு.
'ஏறுடா புறா' என்கிறான் சிலுவைதாசன்.
டோக்கன் கையில் நனைகிறது.
முதலாளி என் முகத்தைப் பார்க்கிறார்.
வீட்டில் அம்மாவுக்கு நாளைக்கு அரிசி வேண்டும்.
'ஏறுறியா, இல்லையா?'