மாநிறம்

ஜாதகத்தின் பின்பக்கம் தரகர் எழுதியிருந்தார்:
பெண் மாநிறம்.
அந்த ஒரு சொல்லுக்குள் என்னைத் திணித்து
மூன்று வருஷம் வாய் கட்டி வைத்திருந்தார்கள்.

முதலில் அதைத்தான் ஒட்டினேன்.
நான்கு யூரியா சாக்கைப் பிரித்து
கோணி ஊசியால் ஒன்றாக்கி
(தையல் தெரியட்டும் என்று சிவப்பு நூல்)
தொப்புள் வரும் இடத்தில் அந்தக் காகிதம்.

பிறகு ஜோதி ஸ்டுடியோ கலியமூர்த்தி எடுத்த
பாஸ்போர்ட் படங்கள்.
எட்டு காப்பி. எட்டிலும் வேறு யாரோ ஒருத்தி.
"கொஞ்சம் வெளுப்பா ஏத்திவிட்டிருக்கேன் பாப்பா,
அதுக்குக் காசு வேணாம்" என்றார்.
அந்த இரக்கத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று
அப்போது தெரியவில்லை.
எட்டையும் கழுத்தைச் சுற்றித் தைத்திருக்கிறேன்
காசுமாலையாக.

கிரீம் ட்யூப் பதினாறு. எல்லாம் நான் தேய்த்துத் தீர்த்தவை.
கத்தரியால் கீறி விரித்தால் உள்ளே வெள்ளி.
உள்ளங்கைகளுக்கு அது.

ஓவியக் கல்லூரி நூலகத்தில்
அட்டை போன புத்தகம் ஒன்று இருந்தது.
கடல் தாண்டி ஒரு பெண்
தன் உடம்பைத் தானே வரைந்து
தலைமயிர், கயிறு, சோழி, கிழிந்த வரைபடம்
எல்லாவற்றையும் அதன்மேல் ஒட்டியிருந்தாள்.
நிற்கிறாள். நேராகப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.
அவள் பெயர் என் வாயில் சரியாக வராது.
அவள் கறுப்பின் கணக்கு கப்பலில் எழுதியது.
என்னுடையது பண்ணையில்
மரக்காலால் அளந்தது.
இரண்டும் ஒன்றல்ல, தெரியும்.
ஆனாலும் அன்றைக்கு ஹாஸ்டல் கண்ணாடி முன்
துண்டை விலக்கிவிட்டு
ஒரு முழு நிமிஷம் நின்றேன்,
வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாமல்.

மேட்டூர் திறந்து
அரசலாற்றுக்குத் தண்ணீர் வந்த வாரம்
படுகை வண்டலை அள்ளி
உமிக்கரி சேர்த்து, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி ஊற்றி
முழுக்கப் பூசிக்கொண்டு சாக்கின் மேல் படுத்தேன்.
முதுகு ஒருமுறை. முன்பக்கம் ஒருமுறை.
எழுந்தபோது மயிர் இரண்டு ஒட்டியிருந்தது.
இருக்கட்டும் என்று விட்டேன்.

பாபநாசத்தில் ஓடாத ரைஸ்மில்.
உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு
மிச்சத்தைத் தரையில் விரித்து
"தொடாதீர்கள்" என்று பலகையும் வைத்தேன்.
வந்த அதிகாரி ஒருவர் கைகூப்பி
"அம்மன் மாதிரி இருக்கு" என்றார்.
அம்மன் இல்லை சார், நான்தான் என்றேன்.
கையை எங்கே வைப்பது என்று
அவருக்குக் கொஞ்சநேரம் தெரியவில்லை.

நடவு முடிந்து மூன்று பெண்கள்
மில் குழாயில் கால் கழுவ வந்தார்கள்.
குழாயில் காற்றுதான் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.
தையல்நாயகி, என் வயசுதான் இருக்கும்,
பலகையைத் தள்ளி வைத்துவிட்டு
இடுப்புப் பக்கம் நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.
"அரசலாத்து மண்ணு."
சுற்றி வந்தாள். குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.
"எல்லாம் சரிதான். குதிகால் பொய்."
நான் பேசவில்லை.
"இது செருப்புக் காலுடி. சேத்துல நின்ன கால் இப்படியா இருக்கும்?
வெடிப்பு எங்க? விரல் இடுக்குல புண்ணு எங்க?"

கேட்கவில்லை. ஏறி நின்றாள்.
இரண்டு பாதமும், உடம்பின் முழுப் பாரமும்.
பின்னால் மற்ற இருவர், சிரித்துக்கொண்டு,
புடவையைத் தூக்கிச் செருகியபடி.

இறங்கியதும், இன்றைய கூலி எவ்வளவு,
நான் தருகிறேன் என்றேன்.
"மிதிச்சதுக்கா?" என்றாள்.
பிறகு யோசித்து,
"டீ வாங்கிக் குடு. மூணு பேருக்கும் வடையும்."

சென்னையிலிருந்து போன் செய்தவர்
ஒரு உடம்புக்கு ஏன் எட்டுக் கால் என்று கேட்டார்,
படிமமா என்றார்.
எண்ணிப் பார்த்தால் எட்டுதான் என்றேன்.

கலப்பு ஊடகம் என்று அச்சடித்த தாளில்
என்னென்ன என்று நிரப்ப ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
வண்டல், உமிக்கரி, பசை, சாக்கு, ட்யூப், நூல்,
ஜாதகம் ஒன்று, போட்டோ எட்டு, மயிர் இரண்டு,
தையல்நாயகி, செல்லப்பொண்ணு, அஞ்சலாட்சி.

கோடு போதவில்லை.
அதற்குக் கீழே ஒரு கட்டம்: நிறம்.
பேனா அழுந்தி
தாள் அந்த இடத்தில் கிழிந்துபோனது.