எடை சரியாகத்தான் இருந்தது

குத்தகைக்காரர் மருந்துப் பம்பு கொடுத்தார்,
சார்ஜர் கொடுக்கவில்லை.
பழையதன் ஒயரை எலி கடித்துவிட்டது என்றேன்.
அது எலிக்கும் உனக்கும் உள்ள கணக்கு என்றார்.

ஊத்தான் மெலிந்தாங் கடைத்தெருவில் அறுபத்தெட்டு வெள்ளி.
ஒரு நாள் முழுக்கச் செம்பனைக்கு மருந்தடித்தாலும்
கை எட்டாத விலை.
கைப்பேசியில் பத்தொன்பது தொண்ணூறு.
அதே பச்சைப் பெட்டி, அதே பெயர்,
அனுப்பும் செலவு இலவசம்.
யோசிப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது.

ஒன்பதாம் நாள் வந்தது.
கம்பெனிப் பெயரில் ஒரு 'எல்' குறைந்திருந்தது.
நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.
அப்பா தவநாயகி என்று சொன்னதைத்
தவநயகி என்று பதிந்து
நாற்பத்தாறு வருடம் ஆகிறது.
கால் போனதால் நான் போலியா?

சிரிம் ஒட்டுவில்லைகூட இருந்தது.
கைப்பேசியை மேலே பிடித்தால் எதுவும் திறக்கவில்லை.
படத்தைப் படமெடுத்து ஒட்டிய படம்.
வெளிச்சம் போதவில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மில்லில் ஒயர்மேனாக இருக்கும் லோகேந்திரன்
வேலி வழியாகத் தலையை நீட்டி,
'நிறுத்துப் பாருங்கக்கா, அசல்னா கனக்கும்' என்றான்.
கிம் சூன் கடையில்
நெத்திலி நிறுக்கும் தராசில் வைத்தோம்.
பழையது நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
புதியது நானூற்று ஒன்பது.
'மூணு கிராம் தூசிதான்' என்றான்.
தராசு சொன்ன பிறகு மேல் பேச்சேது.

இரண்டாம் இரவு,
பச்சைக்கு மாறவே மாறாத சிவப்பு விளக்கு.
தொட்டால் தோசைக்கல்.
பன்னிரண்டரைக்கு மெயின் சுவிட்ச் டப்பென்று விழ,
காற்றாடி நின்று, கொசு வந்து,
மகள் இருட்டில் கேட்டாள்:
'ம்மா, யாரு பிளாஸ்டிக் கொளுத்துறா?'

துணியைச் சுற்றிப் பிடுங்கி
ஐந்தடியில் போட்டேன்.
விடிந்ததும் ஆட்டினேன்.
கடக்.
சார்ஜருக்கு வயிற்றில் என்ன கடக்?

நான்கு திருகாணி. இரண்டு நிஜம்,
இரண்டு பிளாஸ்டிக்கில் வார்த்த வேஷம்.
உள்ளே நகமளவு ஒரு பலகை,
மயிரிழையாய் இரண்டு கம்பி.
மீதி இடம் முழுக்கப் பசை;
பசைக்குள்
துரு ஏறிய பெரிய நட்டு ஒன்று.

சிரிப்புதான் வந்தது.
தெரிந்த வேலையாயிற்றே.
உதிரிப் பழம் பொறுக்கிய காலத்தில்
சாக்கின் அடியில் நானும் மண் போட்டிருக்கிறேன்,
இரண்டு கிலோ, சில நாள் மூன்று.
கிராணியின் தராசும் அப்போது
எங்கள் பக்கம் சாய்ந்ததில்லை.
ஆனாலும் என் மண்
யார் வீட்டிலும் தீப்பிடிக்கவில்லை.
இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்குகிறது.

படம் எடுத்தேன், வீடியோ எடுத்தேன்,
காசு திரும்ப வேண்டும் என்று எழுதினேன்.
கும்பிடும் கை மூன்று போட்டு விற்றவர் வந்தார்:
அக்கா, ஐந்து நட்சத்திரம் தாருங்கள்,
ஐந்து வெள்ளி தருகிறேன்.
ஒன்று கொடுத்தேன்.
கீழே தமிழிலேயே எழுதினேன்:
உள்ளே நட்டு.
பொருளைத் திருப்பி அனுப்பு என்றது செயலி.
பசை, பலகை, கம்பி, வேஷத் திருகாணி
எல்லாவற்றையும் அதே பெட்டியில் அனுப்பினேன்.
ஆறாம் நாள் பத்தொன்பது தொண்ணூறு வந்தது.
அந்தக் கடை மறைந்தது.
மறுவாரம் வேறொரு பெயரில் அதே பச்சைப் பெட்டி;
இந்தத் தடவை 'எல்' இரண்டும் இருந்தன.

அறுபத்தெட்டைக் கொடுத்து
கடைத்தெருவிலேயே வாங்கினேன்,
இரண்டு தவணையில்.

நட்டை மட்டும் அனுப்பவில்லை.
தள்ளுவண்டிச் சக்கரத்தில் ஒன்று
போன மழையிலிருந்து காணோம்.
திருகிப் பார்த்தேன்.
அச்சாகப் பொருந்தியது.