மூன்றாவது பிரதி

புன்டா அரீனஸில் காற்று ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை
விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட
எர்மெலிந்தா வந்தாள்.
நண்டு டப்பா ஆலையில் வேலை,
விரல் நுனியெல்லாம் உப்பு தின்ற வெள்ளை.

இங்கே, என்று கோட்டைக் காட்டினேன்.
பெயரை எழுதினாள்.
பேனா நிற்கவில்லை.
ஓரத்தில் இறங்கி, தாளைத் திருப்பி,
ஒஸ்வால்தோ பேனாக்களை ஃப்ரீசரில் ஒளித்தது,
மை உறைந்தது,
அக்குளில் இடுக்கி அதை இளக்கியது,
டப்பா லேபிள்களின் பின்புறம்,
டாக்டர் கொடுத்த மாத்திரைச் சீட்டின் பின்புறம்,
பிறகு தூங்குகிறவனின் மாவுக்கட்டில்
முழங்கால் வரை.

இரண்டாவது பிரதியிலும் அதே கதை.
இப்போது நானும் அதற்குள் வந்துவிட்டேன்:
எனக்கு இடது காது பெரிதாம்.

"மன்னிக்கணும், அரிப்பு மாதிரி இது.
சொறிந்தால்தான் தூக்கம்."

மூன்றாவதற்கு
அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
கடைசி எழுத்து முடிந்ததும்
பேனாவைப் பிடுங்கினேன்.
சட்டப்படி எல்லாம் சரி.

கெட்டுப்போன பிரதிகளைக் கிழித்துவிட வேண்டும், விதி அது.
இரண்டும் என் வீட்டில் இருக்கின்றன.
நேற்று ராத்திரி கண்ணாடி முன் நின்று
நூல் பிடித்து அளந்தேன்.
இடது,
அரை விரற்கடை கூடுதல்.